கிரெடிட் ஸ்கோர் குறைவா? அமெரிக்காவில் வாடகை வீடு பிடிப்பது எப்படி?

நம்ம ஊர்ல வாடகைக்கு வீடு கேட்டுப் போனா என்ன கேட்பாங்க? "எந்த ஊரு? பேச்சிலரா, ஃபேமிலியா? அட்வான்ஸ் எவ்வளவு தருவீங்க?" அமெரிக்காவில் கேள்வியே வேற: "உங்க கிரெடிட் ஸ்கோர் என்ன?"

எம்.எஸ். படிக்கப் போன நம்ம சீனியர் அண்ணா ஒருத்தர், செமஸ்டர் பரபரப்பில் ஒரு கிரெடிட் கார்டு பில்லை இரண்டு மாதம் கட்டாமல் விட்டுட்டார். ஸ்கோர் சரிந்தது. படிப்பு முடிந்து, வேலைக்காக வேறு ஊருக்குப் போனப்போ மூன்று இடத்தில் வீடு இல்லைன்னு சொல்லிட்டாங்க. கட்டிய விண்ணப்பக் கட்டணமும் திரும்பி வரல. மூணு வாரம் நண்பர் ரூம் சோஃபாதான் கதி. அடுத்த வருஷம் கிளம்பப் போறவங்களுக்காக இந்தப் பாடம்.

ஸ்கோர் என்றால் என்ன?
அங்கே பரவலாகப் பயன்படும் ஃபைகோ ஸ்கோர் 300 முதல் 850 வரை போகும். அதில் 35 சதவீதம், பில்லை ஒழுங்காகக் கட்டினோமா என்பது. 30 சதவீதம், எவ்வளவு கடன் வைத்திருக்கிறோம் என்பது. நம்ம ஊர் சிபில் ஸ்கோரை அங்கே வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் பார்ப்பதில்லை. அதனால் புதுசாப் போறவங்களுக்கு ஸ்கோரே இருக்காது. அதுவும் சிக்கல்தான்.

விண்ணப்பிக்கும் முன்
1. ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மூன்றின் ரிப்போர்ட்டையும் 'ஆனுவல் கிரெடிட் ரிப்போர்ட்' தளத்தில் இலவசமாக எடுத்துப் பாருங்க. தப்பு இருந்தா உடனே திருத்தச் சொல்லுங்க.
2. "குறைந்தபட்சம் எவ்வளவு ஸ்கோர் வேணும்?" என்று முதல்லயே கேட்டுடுங்க. அப்புறம் கட்டணம் கட்டுங்க. நியூயார்க் மாநிலத்தில் இந்தப் பரிசோதனைக் கட்டணம் 20 டாலரைத் தாண்டக் கூடாது.

ஸ்கோருக்குப் பதிலா என்ன காட்டலாம்?
- வேலைக்கான ஆஃபர் லெட்டர், சம்பள ரசீது, பேங்க் ஸ்டேட்மென்ட்.
- பழைய வீட்டுக்காரரிடமிருந்து "வாடகை தவறாமல் கட்டினார்" என்று ஒரு கடிதம்.
- கோ-சைனர். நீங்க கட்டலைன்னா அவர்தான் கட்டணும். அதைச் சொல்லிட்டு அப்புறம் கையெழுத்து கேளுங்க.
- கூடுதல் டெபாசிட். ஆனா மாநிலச் சட்டத்தைப் பாருங்க. நியூயார்க்கில் ஒரு மாத வாடகைக்கு மேல் டெபாசிட் வாங்கக் கூடாது.
- ஏற்கெனவே வாடகைக்கு இருப்பவரிடம் சப்லீஸ் எடுப்பது. இங்கே கெடுபிடி பொதுவாகக் கம்மி. வீட்டுக்காரர் சம்மதம் இருக்கான்னு மட்டும் பார்த்துக்கோங்க.

பழைய தவறை மறைக்காதீங்க. ரிப்போர்ட்டில் எப்படியும் தெரிந்துவிடும். என்ன நடந்தது, இப்போ எப்படிச் சரி செய்தீங்க என்று நாலு வரியில் நீங்களே சொல்லிடுங்க.

மறுத்துவிட்டால்?
கிரெடிட் ரிப்போர்ட்டைப் பார்த்து மறுத்தால், அதை உங்களுக்குத் தெரிவிக்கணும். ரிப்போர்ட் தந்த நிறுவனத்தின் பெயரையும் சொல்லணும். 1970-இல் வந்த நியாயமான கிரெடிட் அறிக்கைச் சட்டம் தரும் உரிமை இது. 60 நாளுக்குள் கேட்டால் அந்த ரிப்போர்ட் உங்களுக்கு இலவசம்.

ஒரு எச்சரிக்கை: "ஸ்கோரே வேண்டாம், பணத்தை மட்டும் அனுப்புங்க" என்று யாராவது சொன்னா, வீட்டைப் பார்க்காமல் ஒரு டாலர்கூட அனுப்பாதீங்க.

அண்ணாவுக்குக் கடைசியில் வீடு வாங்கிக் கொடுத்தது, பழைய வீட்டுக்காரம்மா எழுதிய அரைப் பக்கக் கடிதம். கார்டு பில்லை மறந்தவர், வாடகையை ஒரு மாதம்கூட மறக்கலையே! இப்போ கார்டுக்கும் ஆட்டோ பே போட்டுட்டார். நீங்க முதல் கார்டு வாங்குற அன்னைக்கே போட்டுடுங்க.