ஆன்-காலுக்குச் சரி சொல்லுமுன்

அன்பு மகளுக்கு,

அடுத்த மாதத்திலிருந்து உனக்கும் ஆன்-கால் முறை வருகிறது என்று அண்ணி சொன்னார். "கூப்பிட்டால்தான் வேலை, இல்லாவிட்டால் தூங்கு" என்று ஆபீசில் சொன்னார்களாம். அதை அப்படியே ஏற்றுக்கொள்ளாதே. கூப்பிடாத இரவும் உன்னுடையதாக இருப்பதில்லை.

பெல்ஜியத்தில் நிவெல் நகரத் தீயணைப்புப் படையில் ரூடி மாட்சாக் என்றொருவர் இருந்தார். முறை வரும்போது வீட்டிலேயே இருக்கலாம். ஆனால் அழைத்தால் 8 நிமிடத்தில் நிலையத்துக்கு வந்தாக வேண்டும். வழக்கு ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம்வரை போனது. அப்படிக் கட்டிப்போட்ட நேரமும் வேலை நேரமே என்று 2018 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. அதற்கு எவ்வளவு ஊதியம் என்பதை அந்தந்த நாட்டுச் சட்டத்துக்கு விட்டார்கள். இங்கே அது செல்லாது. ஆனால் நீ கேட்க வேண்டிய முதல் கேள்வி அதில் இருக்கிறது: அலர்ட் வந்தால் எத்தனை நிமிடத்தில் லேப்டாப்பைத் திறக்க வேண்டும்? ஒரு மணி நேரம் என்றால் சென்னீர்குப்பத்திலிருந்து பூந்தமல்லி கடைத்தெருவுக்குப் போய்வரலாம், கல்யாணப் பந்தியில் உட்காரலாம். 5 நிமிடம் என்றால் ஆவடி சாலையில் ஸ்கூட்டர்கூட ஓட்ட முடியாது. இரண்டுக்கும் ஒரே தொகை என்பது அநியாயம்.

அடுத்து, எத்தனை பேர் முறை மாற்றிக்கொள்கிறீர்கள் என்று கேள். கூகுள் பொறியாளர்கள் 2016-இல் வெளியிட்ட புத்தகத்தில், ஒரே ஊரில் இருக்கும் குழுவுக்குக் குறைந்தது 8 பேர் வேண்டும் என்றும், 12 மணி நேர முறையில் 2 சம்பவங்களுக்கு மேல் கூடாது என்றும் எழுதியிருக்கிறார்கள். ஈடாக விடுப்போ பணமோ தருகிறார்கள். அதற்கு உச்சவரம்பும் உண்டு. அந்த வரம்பு எனக்கு மிகவும் பிடித்தது. பணத்துக்காக ஒருவரே எல்லா வாரத்தையும் எடுத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ள அது விடாது. உங்கள் வாடிக்கையாளர் கலிபோர்னியாவில் என்றால் இன்னும் கவனம் தேவை. கோடையில் அங்கே பிற்பகல் 2 மணி, நமக்கு நள்ளிரவு தாண்டி 2.30. அவர்களின் பரபரப்பான நேரமெல்லாம் உன் தூக்கத்தில்தான் விழும். அங்கேயும் ஒரு குழு இருந்தால் பகலை அவர்கள் பார்க்கட்டும் என்று கேட்பதில் தவறில்லை.

நம் சட்டத்தையும் தெரிந்துகொள். 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டப்படி வேலை நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். ஓவர்டைம் சேர்த்தாலும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54 தாண்டக் கூடாது. ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது, உனக்கு அந்தப் பொறுப்பு இல்லை. வீட்டில் லேப்டாப்போடு காத்திருப்பதை அன்று சட்டம் எழுதியவர்கள் நினைத்தே பார்த்திருக்க முடியாது. வேலை நேரத்துக்குப் பின் அழைப்பை மறுக்கும் உரிமைக்காக சுப்ரியா சுலே 2018-இல் மக்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவும் சட்டமாகவில்லை. அதனால் எழுத்தில் நீ வாங்கி வைப்பதுதான் உனக்குக் காவல்.

மேனேஜருக்கு மெயில் போடு: பதில் நேரம், முறைக்கு எத்தனை பேர், காத்திருக்கும் வாரத்துக்குத் தொகை, அழைப்பில் உழைத்த மணிக்குத் தனித் தொகை அல்லது காம்ப்-ஆஃப், விடியற்காலை அழைப்பு வந்தால் மறுநாள் எப்போது வரலாம். முறை தொடங்கியதும் ஒவ்வொரு அழைப்பையும் குறித்து வை: வந்த நேரம், காரணம், முடிந்த நேரம். ஒன்றும் செய்யத் தேவையில்லாத அலர்ட் திரும்பத் திரும்ப எழுப்பினால், அதை எடுத்துவிடச் சொல்ல அந்தக் குறிப்பே ஆதாரம். சம்பளப் பேச்சுக்கும் அதைக் கொண்டுபோ.

அன்புடன்,
சித்தப்பா