பழைய லேப்டாப்பில் ஒரு புதிய தொழில்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் பிராசஸர்களில் பெரும்பாலானவை அதற்குத் தகுதி பெறாது. நன்றாக ஓடும் மெஷின்கள்கூட இதனால் காயலான் கடைக்குப் போகின்றன. 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் பலவும் வீட்டுப் பரண்களில் தூங்குகின்றன.

2022-இல் மட்டும் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது என்கிறது ஐ.நா. அமைப்புகள் 2024-இல் வெளியிட்ட அறிக்கை. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது அதில் 22.3 சதவீதம்தான். எதையும் கழற்றிப் பார்க்கும் ஆர்வம் உங்களுக்கு இருந்தால், இந்தக் குவியலுக்குள் ஒரு கௌரவமான பிழைப்பு இருக்கிறது.

எதில் தொடங்குவது?

செல்போனில் வேண்டாம். பசை போட்டு ஒட்டிய டிஸ்ப்ளே, கண்ணுக்கே தெரியாத உதிரிகள் என்று தொடக்கத்திலேயே கையைச் சுட்டுவிடும். பழைய லேப்டாப்தான் நல்ல பள்ளிக்கூடம். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி போடுங்கள். வேக வித்தியாசம் ஆன் செய்த உடனே தெரியும். ரேம் வாங்கும்முன் போர்டு கேட்பது டிடிஆர்3-யா, 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல்-ஆ, டிடிஆர்4-ஆ என்று பாருங்கள். ஒன்றுக்கு ஒன்று சேராது என்றே வைத்துக்கொள்வது நல்லது. ஃபேனில் அடைத்த தூசியை எடுத்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றினாலே பாதி 'ஹீட்' புகார்கள் தீர்ந்துவிடும்.

அடுத்து, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போடுங்கள். 4 ஜிபி ரேம் இருந்தால் தாராளமாக ஓடும். பிரவுசர், வீடியோ வகுப்பு, தமிழ்த் தட்டச்சு எல்லாம் நடக்கும். ஆனால் போடும்முன், "இதில் என்ன வேலை பார்ப்பீர்கள்?" என்று வாடிக்கையாளரிடம் கேளுங்கள். டேலி, போட்டோஷாப் என்று பதில் வந்தால் லினக்ஸ் அவருக்கு ஒத்துவராது.

நோயைப் பிடிப்பதே வித்தை

பாகம் மாற்றுவதை யாரும் கற்றுக்கொள்ளலாம். கோளாறு எங்கே என்று பிடிப்பவருக்குத்தான் கூலி. ஓர் உதாரணம்: எல்இடி டிவியில் சத்தம் வருகிறது, படம் இல்லை. அறையை இருட்டாக்கி, டிவியை ஓடவிட்டு, திரையின் மேல் டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். மங்கலாக உருவங்கள் அசைந்தால், படம் உருவாகிக்கொண்டுதான் இருக்கிறது. பின்னால் இருக்கும் வெளிச்சம், அதாவது பேக்லைட்தான் செத்திருக்கிறது. பேக்லைட் எல்இடிகள் தொடர் இணைப்பில் இருப்பதால், ஒன்று அறுந்தாலும் அந்த வரிசை முழுக்க இருண்டுவிடும். பெரும்பாலும் ஸ்ட்ரிப் மாற்றினால் டிவி பிழைத்துக்கொள்ளும். "பேனல் போச்சு, புதுசு வாங்கிக்குங்க" என்று கைவிடப்பட்ட டிவிகளில் எத்தனையோ இந்த ரகம்தான்.

கருவியும் எச்சரிக்கையும்

ஒரு நல்ல மல்டிமீட்டர், வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் சால்டரிங் ஸ்டேஷன், டிசால்டர் பம்ப், ஸ்க்ரூ டிரைவர் செட், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், ஒரு பிரஷ். ஆரம்பத்துக்கு இவை போதும். ஒவ்வொரு ஸ்க்ரூவையும் கழற்றும்முன் போட்டோ எடுங்கள். மாட்டும்போது அதுதான் கைகொடுக்கும்.

பவர் சப்ளை போர்டில் விரலை வைக்கும்முன் நில்லுங்கள். 230 வோல்ட் மின்சாரம் அங்கே டிசியாக மாறும்போது சுமார் 325 வோல்ட் ஆகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெபாசிட்டரில் அது தங்கியிருக்கலாம். மீட்டர் வைத்து அளந்து, வடிந்துவிட்டது என்று உறுதி செய்த பிறகே தொடுங்கள். உப்பிய லித்தியம் பேட்டரியைக் குத்தவோ வளைக்கவோ சார்ஜ் போடவோ கூடாது, தீப்பிடிக்கும். மைக்ரோவேவ் அடுப்பின் உள்பகுதி உயிரையே எடுக்கக்கூடியது. அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் இல்லாமல் அதைத் திறக்கவே வேண்டாம்.

எங்கே கற்பது?

பத்தாம் வகுப்பு தேறியவர்களுக்கு ஐடிஐ-யில் இரண்டாண்டு 'எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக்' பிரிவு இருக்கிறது. அங்கே அடிப்படையைப் பிடித்துக்கொண்டு, ஒரு சர்வீஸ் கடையில் உதவியாளராகச் சேருங்கள். சென்னைக்காரர்களுக்கு அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி ஸ்ட்ரீட் இருக்கிறது. எந்த உதிரி என்ன விலை, எது ஒரிஜினல், எது போலி என்ற அறிவு அங்கே நடந்து, கேட்டு, பேரம் பேசித்தான் வரும்.

வாடிக்கையாளர் திரும்பி வர வேண்டுமென்றால்

சோதிக்கும் கட்டணத்தைத் தனியாகச் சொல்லுங்கள். செலவு எவ்வளவு என்று முதலில் சொல்லி, சம்மதம் வாங்கிய பிறகே வேலையைத் தொடங்குங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் கொடுங்கள். செய்த வேலைக்கு மூன்று மாதமாவது வாரன்டி எழுதிக் கொடுங்கள். வாடிக்கையாளரின் படங்களையும் ஃபைல்களையும் திறக்காதீர்கள். பழைய மெஷினை வாங்கி விற்பதானால் டிஸ்க்கை முழுமையாக அழித்துவிட்டே விற்றாக வேண்டும்.

பின்னாளில் பழைய போனும் வாங்குவீர்கள் என்றால், கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து, இடம் விட்டு, 15 இலக்க ஐஎம்இஐ எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பிப் பாருங்கள். முடக்கப்பட்ட போனா என்பது தெரிந்துவிடும். ஐஎம்இஐ எண்ணை மாற்றித் தரச் சொல்பவரை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். அது சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய கருவிகளைப் புதுப்பிக்கும் நிறுவனங்கள் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். தொழில் வளரும்போது இதைத் தள்ளிப்போடாதீர்கள். மிஞ்சும் போர்டுகளையும் பேட்டரிகளையும் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்த்துவிடுங்கள். செம்புக்காக வயரை எரிப்பதும் தங்கத்துக்காக போர்டை அமிலத்தில் போடுவதும் உங்கள் நுரையீரலையும் ஊர் மண்ணையும் சேர்த்துக் கெடுக்கும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பரணில் கிடக்கும் லேப்டாப்பை இறக்குங்கள். அது ஏன் ஓடவில்லை என்பதற்கு உங்கள் கையாலேயே விடை கண்டுபிடியுங்கள். அந்த விடைக்குக் காசு கொடுக்க உங்கள் தெருவிலேயே ஆள் இருக்கிறார்கள்.