கடல் கடக்கும் தம்பிக்கு

தம்பி, ஷார்ஜாவுக்கு விசா வந்துவிட்டது என்று உன் அம்மா சொன்னாள். மாதனூர், ஆம்பூர், பேர்ணாம்பட்டு, வாணியம்பாடி என்று தோலையும் ஷூவையும் நம்பி வாழ்கிற நம் பாலாற்றங்கரை வீடுகளுக்கு வெளிநாட்டுப் பயணம் புதிதில்லை. கழிவுநீரைச் சுத்திகரிக்காத தோல் தொழிற்சாலைகள் இயங்கக் கூடாது என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதனால் டேனரி வேலை போனவர்களில் ஒருவனாக நானும் அதே ஷார்ஜாவுக்குத்தான் போனேன். அங்கே எனக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. வீட்டோடு பேச வேண்டுமென்றால் கேசட்டில் பதிந்து, ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்புவோம். உனக்கோ, கிளம்பும் முன்பே நம் பக்கத்து ஆட்களின் வாட்ஸ்அப் குழு ‘வா தம்பி, ரூம் பார்த்து வைக்கிறோம்’ என்கிறது. அது பெரிய கொடுப்பினை. அதைக் காப்பாற்றிக்கொள்ளும் வழியைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

1. கிளம்பும் முன்பே கேள். தெரியாததைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். ஏஜென்டின் பெயரையும் உரிம எண்ணையும் குழுவில் போட்டு, ‘இவரைத் தெரியுமா?’ என்று கேள். இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்திலும் அந்த எண்ணைத் தேடிப் பார். உரிமம் பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். ‘விசிட் விசாவில் போ, அங்கே மாற்றித் தருகிறேன்’ என்று எவர் சொன்னாலும் எழுந்து வந்துவிடு. ஒரு பையன் தன் ஒப்பந்தத்தைப் படம் எடுத்துக் குழுவில் போட்டான். சாப்பாட்டுப் படியையும் ஓவர்டைமையும் கூட்டித்தான் அந்தத் தொகையைச் சம்பளம் என்று காட்டியிருக்கிறார்கள் என்பதை ஒரு மூத்த சமையல்காரர் பார்த்த மாத்திரத்தில் சொன்னார். நீயும் படம் போடு. பாஸ்போர்ட் எண்ணை மட்டும் மறைத்துப் போடு.

2. அன்பு எது, ஆதாயம் எது என்று பொறுத்துப் பார். வரவேற்கிறவர்கள் எல்லோரும் ஒரே மனசோடு வருவதில்லை. உண்மையாக உதவுகிறவர் முதலில் ‘சாப்பிட்டாயா?’ என்று கேட்பார். மற்றவர் முதலில் பணம் அனுப்பச் சொல்வார். யார் கேட்டாலும் பாஸ்போர்ட்டை அடமானமாகக் கொடுக்காதே. முதலாளியே அதை வாங்கி வைத்துக்கொள்வதுகூட அமீரகத்தில் சட்டப்படி தவறு.

3. உண்மையான சம்பளத்தைச் சொல். இதைத்தான் உன்னிடம் மிகவும் வற்புறுத்துவேன். லேபர் கேம்ப்பில் இரண்டடுக்குக் கட்டிலில் படுத்திருப்பவன், வெள்ளிக்கிழமை அடுத்தவன் கார் பக்கத்தில் நின்று படம் எடுத்து ஊருக்கு அனுப்புவான். மானத்துக்காகச் செய்கிறான், எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஷூ கம்பெனியில் அப்பர் தைத்துக்கொண்டிருந்த ஒருவன் அக்காவின் நகையை அடகு வைத்துக் கிளம்பியதை நான் பார்த்தேன். அவன் வந்து இறங்கியபோது படம் அனுப்பியவனுக்கே இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. ஊர்க்காரன் வார்த்தையை ஊர் நம்பும். நம்புகிற இடத்தில் பொய் சொல்லாதே.

4. முதல் சில மாதங்களைப் பொறுத்துக்கொள். பச்சைத் தோல் உப்பையும் சுண்ணாம்பையும் கண்ட பிறகுதான் பதமாகும், மனசும் அப்படித்தான். இரவில் நெஞ்சை அடைக்கும், திரும்பிவிடலாமா என்று தோன்றும். அதைக் குழுவில் யாராவது ஒரு பெரியவரிடம் சொல். அவரும் அந்த இரவுகளைக் கடந்து வந்தவர்தான்.

5. போனுக்குள்ளேயே குடியிருக்காதே. உனக்கு ஜுரம் வந்தால் தண்ணீர் கொண்டு வருகிறவன் பக்கத்துக் கட்டில்காரன். அவன் மலையாளியாக இருக்கலாம், நேபாளியாக இருக்கலாம், பாகிஸ்தானியாகவும் இருக்கலாம். அவன் மொழியில் நான்கு வார்த்தை கற்றுக்கொள். வெப்பம் தாங்காமல் மயங்கி விழுந்த நம்மூர்க்காரர் ஒருவரை முதுகில் தூக்கிக்கொண்டு ஓடியவர் பெஷாவர்க்காரர்.

6. ஊர்ச் சண்டையை ஏற்றுமதி செய்யாதே. இங்கே தெருவுக்குத் தெரு பிரிந்து கிடப்பவர்கள் அங்கே ஒரே சட்டியில் பிரியாணி தின்கிறார்கள். சாதி, மதம், கட்சி என்று குழுவில் எவன் கிளறினாலும் நீ அதில் விறகு வைக்காதே. இன்னொன்று: அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் ஒருவரைத் திட்டுவது, அனுமதியில்லாமல் ஒருவரின் படத்தைப் பரப்புவது, வதந்தியை முன்னனுப்புவது எல்லாமே குற்றம். கோபத்தில் அனுப்பிய ஒரு வரி வேலையையும் விசாவையும் கொண்டுபோய்விடும். கை துடித்தால் போனைக் கீழே வை.

7. அன்போடு முறையையும் தெரிந்துகொள். ஒருவர் இறந்துவிட்டால் குழுவே அழும். உடலை ஊருக்கு அனுப்ப அழுகை மட்டும் போதாது. அப்படி ஒரு நாளில், எந்தத் தாள் முதலில் வேண்டும், எந்த அலுவலகம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று தெரிந்த ஒரே ஒருவர்தான் எல்லோருக்கும் துணையாக நின்றார். வழியில்லாதவர்களுக்கு உதவ 2009 முதல் இந்திய சமூக நல நிதி என்று ஒன்று தூதரகங்களில் இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் குடியேற்ற அனுமதி பெற்றுப் போகும்போது எடுக்கும் பிரவாசி பாரதிய பீமா யோஜனாவில் விபத்து மரணத்துக்கு 10 லட்சம் ரூபாய் உண்டு. அப்படிப் போகிறவர்களிடம், அந்தப் பாலிசி எண்ணை வீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போகச் சொல். அனுமதி பெற்ற அமைப்புகள் தவிர வேறு யாரும் அமீரகத்தில் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டக் கூடாது. நல்ல எண்ணத்தில் குழுவில் வசூல் கேட்டவர்களும் சிக்கலில் மாட்டக்கூடும். உதவ நினைத்தால் சட்டம் அனுமதித்த வழியில் உதவு.

8. அடுத்து வருகிறவனுக்கு நீயே ஊர்க்காரன். ஒருநாள் குழுவில் புதிதாக ஒரு எண் சேரும். ‘அண்ணா, அங்கே வரலாமா?’ என்று தயங்கித் தயங்கிக் கேட்பான். எவ்வளவு களைத்திருந்தாலும் அவனுக்குப் பதில் சொல். அவனுடைய ஒப்பந்தத்தை வாங்கிப் படி. வேலை சரியாக இருந்தால் வா என்று சொல்லி, ரூமும் பார்த்து வை. சரியில்லை என்றால், அவன் முகம் வாடினாலும் வேண்டாம் என்று சொல். நீ சொன்ன அந்த ஒரு வார்த்தையால் அவன் வீட்டு நகை அடகுக் கடைக்குப் போகாமல் இருந்தால், ஷார்ஜாவில் நீ சம்பாதித்ததில் அதுவும் சேர்த்தி.