மாணவர் அட்டையும் பிரயாணச் சலுகையும்

பள்ளி விடுமுறை வந்தால் நம்மில் பலர் குடும்பத்தோடு வெளிநாடு செல்கிறோம். கடையில் பத்துக் காசுக்குக் கணக்குப் பார்க்கும் நாம், பிரயாணத்தில் பிள்ளைகளுக்கு உரிய சலுகையைக் கேட்காமலே விட்டுவிடுகிறோம். ஆகவே, இதுபற்றி நாம் அறிந்ததை இங்கே எழுதுகிறோம்.

சர்வதேச மாணவர் அடையாள அட்டை என்று ஒன்று உண்டு. சுருக்கமாக 'ஐசிக்' என்பார்கள். 1953ஆம் ஆண்டில் தொடங்கியது. முழு நேரம் படிக்கும், 12 வயது நிரம்பிய மாணவர் எவரும் பெறலாம். அதிகபட்சம் 16 மாதம் செல்லும். நம் பிள்ளைகளின் பள்ளி அட்டையை அயல்நாட்டுச் சீட்டு விற்பவர் அறியமாட்டார். இதைக் காட்டினால் பல இடங்களில் அறிந்துகொள்வார். படிப்பை முடித்த இளைஞருக்கு 30 வயது வரை வேறோர் அட்டை இருக்கிறது.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, அட்டைக்குக் கட்டணம் உண்டு. போகும் ஊரில் எங்கெங்கே சலுகை என்று முன்னரே பாருங்கள். கொள்முதல் விலை பாராமல் சரக்கு எடுப்போமா?

இரண்டாவது, எல்லாச் சலுகையும் மாணவர் என்பதற்காக அல்ல. பாரிஸ் நகரின் லூவர் காட்சிசாலையில் 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட எவருக்கும் இலவசம். தாஜ்மகாலில் 15 வயதுக்குக் கீழ் இலவசம். அங்கெல்லாம் வயதைக் காட்டப் பாஸ்போர்ட்டே போதும்.

மூன்றாவது, அட்டை எங்கும் செல்லும் என்று எண்ணவேண்டாம். நமது சிங்கப்பூரையே பாருங்கள். பஸ்ஸிலும் எம்.ஆர்.டி.யிலும் மாணவர் கட்டணம் இங்குள்ள கல்விக்கூடங்களில் படிப்போருக்கே. சுற்றுலா வந்த மாணவர் ஐசிக் அட்டையை நீட்டினால் பயனில்லை.

இனி, நமக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறோம். சென்ற பிரயாணத்தில் ஒரு காட்சிசாலை வாசலில் நின்றோம். மூத்த மகன் படிப்பை முடித்து மாதங்கள் ஆகிவிட்டன. ஆனால் அட்டையின் கெடு தீரவில்லை. "தேதி இருக்கிறதே வாப்பா, காட்டினால் என்ன?" என்றான். வெள்ளி மிச்சமாகும் என்று நம் மனமும் ஒரு கணம் சாய்ந்தது, மறைக்கவில்லை.

பிறகு தேக்காவில் உள்ள நமது கடைத் தராசு நினைவுக்கு வந்தது. "தம்பி, தராசில் முத்திரை இருக்கிறது என்பதற்காகத் தட்டை விரலால் அழுத்தலாமா?" என்றோம். மகன் ஒன்றும் பேசவில்லை. முழுக் கட்டணமும் அவனே எண்ணிக் கொடுத்தான். தம்பிக்கு மட்டும் மாணவர் சீட்டு வாங்கினோம்.

சலுகை என்பது ஒரு வியாபாரி மனமுவந்து விட்டுக்கொடுப்பது. உரியவர் கூசாமல் கேட்க வேண்டும், உரிமையற்றவர் கைநீட்டலாகாது. நம் கடைக்கு வருவோரிடம் நாம் எதிர்பார்க்கும் நாணயத்தை, அயலூர் வாசலில் நாமும் காட்டுவோமாக.