திறந்த மூல மென்பொருள்: “சஹன” ஓர் இலங்கை உதாரணம்

திறந்த மூல மென்பொருளுக்கு உதாரணம் தருக என்று கேட்டால் மாணவர்கள் லினக்ஸ், பயர்பொக்ஸ் என எழுதுவர். அது சரியே. எனினும் நமது நாட்டிலேயே பிறந்து வெளிநாடுகளிலும் பயன்பட்ட ஒன்றைப் பலர் அறிவதில்லை. அதன் பெயர் சஹன. சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள்.

2004 டிசெம்பர் 26 இல் ஏற்பட்ட சுனாமியால் இலங்கையில் 30,000 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். முகாம்களில் இருந்தோரின் பெயர்கள் வெவ்வேறு கடதாசிகளில், வெவ்வேறு நிறுவனங்களிடம் இருந்தன. ஒரு முகாமில் “பாத்திமா” எனவும் வேறொரு பட்டியலில் “பாதிமா” எனவும் ஒரே சிறுமியின் பெயர் பதியப்பட்டால், அவளைத் தேடும் தாய் எந்தப் பட்டியலைப் பார்ப்பாள்? முதன்மைச் சாவி எதற்கு என்று வகுப்பில் கேட்போருக்கு இதைவிட நல்ல விடை என்னிடம் இல்லை.

இந்நிலையில் இலங்கையின் மென்பொருள் துறைத் தொண்டர்கள் ஒன்றிணைந்து காணாமற்போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள், உதவிக் கோரிக்கைகள் ஆகியவற்றைப் பதியும் முறைமையை உருவாக்கினர். லங்கா சொவ்ட்வெயார் பவுண்டேசன் அதனைத் தொடர்ந்து வளர்த்தது. பீ.எச்.பி. மொழியில் எழுதப்பட்டு, அப்பாச்சி சேவையகத்திலும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்திலும் இயங்கியது. இவை மூன்றும் திறந்த மூலமே. விண்டோஸ், லினக்ஸ் ஆகிய இரண்டிலும் இவை இயங்குவதால் சஹனவும் பல்தளத்தில் இயங்கியது. பயனரின் கணினியில் இணைய மேலோடி இருந்தாற் போதும். வேறு எதையும் நிறுவ வேண்டியதில்லை.

மூலக்குறி திறந்திருந்தமையால் 2005 இல் பாக்கிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும், 2006 இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவின்போதும் அதனை எடுத்துத் தேவைக்கேற்ப மாற்றிப் பயன்படுத்த முடிந்தது. 2006 ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சஹனவுக்கு வழங்கியது. 2009 இல் சஹன மென்பொருள் அறக்கட்டளை அமைந்தது.

பின்னர் பைதன் மொழியில் “ஈடன்” எனும் பதிப்பு எழுதப்பட்டது. முக்கிய மாற்றம் இங்கேதான். முந்தையது பெரும்பாலும் ஆயத்தமான ஒரு பிரயோகம். ஈடனோ பிரயோகங்களை ஆக்குவதற்கான கருவித்தொகுதி. செய்நிரலாளர் அட்டவணையை வரையறுத்தால் தரவை உள்ளிடும் படிவமும் தேடலும் அறிக்கையும் பெருமளவில் தாமாகவே கிடைக்கும். 2010 ஹெயிட்டி நிலநடுக்கத்தின்போது இது பயன்பட்டது.

கவனிக்க: “திறந்த மூலம் என்றால் இலவசம்” என்று மட்டும் எழுதுவது முழுமையான விடையன்று. மூலக்குறியைப் பார்வையிடவும் மாற்றவும் பகிரவும் அனுமதி உண்டு என்பதே அதன் வரைவிலக்கணத்தின் மையம். விலை இரண்டாவது விடயம்.

பயிற்சி வினா:
தெல்தெனியப் பிரதேசத்தில் மண்சரிவால் இடம்பெயர்ந்தோரைப் பதிய ஓர் அட்டவணை தேவை எனக் கொள்க.
(அ) அதற்குரிய நான்கு புலங்களை எழுதுக.
(ஆ) அவற்றுள் முதன்மைச் சாவியாகத் தெரிவு செய்யத்தக்கது எது? தேசிய அடையாள அட்டை இலக்கம் என எழுதுவோர், கைக்குழந்தைகளை எவ்வாறு பதிவர் என்பதையும் விளக்குக.