சூளையும் வெளிநாட்டுப் பணமும்

கேள்வி: மௌலா அலி ஸ்டேஷனில் செங்கல் சூளை வேலைக்காக ஒடிசாக் குடும்பங்கள் கைக்குழந்தைகளோடு இறங்குகின்றன. வெளிநாட்டு நிதி இதைத் தடுக்காதா?
– ஒரு வாசகர், மௌலா அலி, ஹைதராபாத்

பதில்: ஒடிசாவின் பொலாங்கீர், நுவாபடா பக்கம் நுவாகாய் அறுவடைப் பண்டிகை முடிந்ததும் தரகர் முன்பணத்தோடு வந்துவிடுவார். மானாவாரி நிலம், ஒரே போகம், கல்யாணக் கடன். வாங்காமல் என்ன செய்வார்கள்? சூளைக் கணக்கில் ஓர் ஆண், ஒரு பெண், ஒரு சிறு பிள்ளை சேர்ந்தது ஒரு ‘பத்தூரியா’. பச்சைக் கல்லைத் திருப்பிக் காயவைப்பது பிள்ளையின் வேலை. முன்பணத்திலேயே குழந்தையின் உழைப்பும் அடகு போய்விடுகிறது, அநியாயம்!

வெளிநாட்டு உதவி வீண் என்று சொல்லமாட்டேன். ரங்காரெட்டி மாவட்டத்தில் சாந்தா சின்ஹாவின் எம்.வி. அறக்கட்டளை, ஆயிரக்கணக்கான பிள்ளைகளை வேலையிலிருந்து மீட்டுப் பள்ளியில் சேர்த்தது. 2003-இல் அவருக்கு மகசேசே விருது. அந்தப் பணிக்கு நெதர்லாந்தின் ஹிவோஸ் அமைப்பு துணை நின்றது. ஆனால் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பின், வெளிநாட்டு நிதி பெறும் அமைப்பு அதைச் சிறு அமைப்புகளுக்குப் பகிர முடியாது. சூளைக்குள் போய்வருபவை பெரும்பாலும் அந்தச் சிறு அமைப்புகள்தான்.

நன்கொடை பள்ளியை நடத்தும், முன்பணத்தை அடைக்காது. ஊரில் அரசின் ஊரக வேலைத் திட்டக் கூலி தாமதமின்றிக் கிடைக்க வேண்டும், இங்கே சூளையருகே ஒடியா வகுப்பு வேண்டும். இரண்டும் அரசுகளின் கடமை.