ஐஸ் பெட்டி: தெர்மாகோல் ஷீட்டின் இணைப்புகளை அடைப்பது எப்படி?

பால், தயிர், வெண்ணெய், பன்னீர் விற்கும் நம் கடைகள் பலவற்றில், மரத்திலோ தகரத்திலோ செய்து உள்ளே தெர்மாகோல் ஷீட் பதித்த ஐஸ் பெட்டி உண்டு. மின்சாரம் நின்றால் சரக்கைக் காப்பதும் அதுவே. பெட்டி செய்யக் கொடுக்கும்போது எத்தனை அங்குல ஷீட் என்று கேட்பது வழக்கம். ஷீட்டின் ஓரங்களும் இணைப்புகளும் எப்படி அடைக்கப்படுகின்றன என்பதும் அதே அளவு முக்கியம்.

தெர்மாகோலில் நூற்றுக்கு 98 பங்கு காற்றுதான். சின்னஞ்சிறு அறைகளில் அசையாமல் அடைபட்ட அந்தக் காற்றே வெப்பத்தைத் தடுக்கிறது. காற்று இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் புகுந்தால் பயன் குறைந்துவிடும். ஏனெனில், அசையாத காற்றைவிடத் தண்ணீர் 20 மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும்.

ஐஸ் உருகிய நீர் மட்டுமே ஷீட்டை நனைக்கிறது என்று எண்ண வேண்டாம். குளிர்ந்த சோடா பாட்டிலின் மேல் நீர் முத்து கோப்பதைப் போல, இடைவெளி வழியே நுழையும் வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த பக்கத்தில் நீராகப் படிகிறது. இதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. 1 கிராம் ஈரம் நீராகும்போது வெளிவரும் வெப்பம், சுமார் 7 கிராம் ஐஸை உருக்கிவிடும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். சுவர், அடி, மூடி எல்லாம் சேர்ந்து 2 சதுர மீட்டர் பரப்பு, 5 சென்டிமீட்டர் தடிமன், உள்ளே 2 டிகிரி, வெளியே 32 டிகிரி என்று கொள்வோம். ஷீட் உலர்ந்து, இணைப்புகள் சரியாக இருந்தாலே சுவர் வழியாக வரும் வெப்பத்தால் ஒரு நாளில் சுமார் 11 கிலோ ஐஸ் உருகும். ஈரமும் இடைவெளியும் சேர்ந்து இது ஒன்றரை மடங்கானால், மாதம் 165 கிலோ ஐஸ் வீண். சரக்கு கெடுவது தனி.

பெட்டி செய்யும்போது கவனிக்க வேண்டியவை:

1. இரண்டு அங்குலம் தேவையெனில் ஓர் அங்குல ஷீட்டை இரண்டு அடுக்காக வைக்கலாம். செங்கல் கட்டுவது போல இணைப்புகள் மாறி மாறி வரட்டும்.

2. பாலித்தீன் தாளை ஷீட்டுக்கு வெளிப்புறம், அதாவது வெப்பமான பக்கத்தில் விரிக்க வேண்டும். தாளின் ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, டேப்பால் ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.

3. நன்கு உலர்ந்த ஷீட்டையே அடைக்க வேண்டும். நனைந்த ஷீட்டை அடைத்தால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகும்.

4. ரப்பர் சொல்யூஷன், தின்னர் கலந்த பெயின்ட், பெட்ரோல் ஆகியவை தெர்மாகோலைக் கரைத்துவிடும். தெர்மாகோலுக்கு உகந்த பசையை மட்டும், முதலில் ஒரு துண்டில் தடவிப் பார்த்துப் பயன்படுத்துக.

5. தண்ணீர் வடியும் குழாயை வளைத்து, வளைவில் சிறிது நீர் நிற்கும்படி அமைத்தால் அதன் வழியே காற்று நுழையாது.

மூடி சரியாகப் பொருந்துகிறதா என்று அறிய, இரவில் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சை எரியவிட்டுப் பெட்டிக்குள் வைத்து மூடுங்கள். ஒளிக்கோடு தெரியும் இடமே காற்று புகும் இடம்.

ஷீட் நனைந்துவிட்டதா என்று அறியும் கருவி நம்மிடமே உள்ளது. அது தராசு! கன மீட்டருக்கு 16 கிலோ அடர்த்தியுள்ள ஷீட்டில், 1 மீட்டர் நீளமும் அரை மீட்டர் அகலமும் 5 சென்டிமீட்டர் தடிமனும் உள்ள துண்டு 400 கிராம்தான் இருக்கும். மூடியில் உள்ள ஷீட்டைப் பதிக்கும் முன் நிறுத்து, எடையைக் குறித்து வையுங்கள். பிறகு பெட்டியைப் பழுது பார்க்கும்போது மீண்டும் நிறுத்துப் பாருங்கள். கூடியிருக்கும் எடை அத்தனையும் தண்ணீரே. உலர்த்தியும் எடை குறையாவிட்டால் ஷீட்டை மாற்றிவிடுவதே சிக்கனம்.

அடைப்பதால் மெல்லிய ஷீட் தடித்த ஷீட்டாகிவிடாது. நாம் காசு கொடுத்து வாங்கிய தடிமனின் பலன் வீணாகாமல் காப்பதே அடைப்பின் வேலை.